500 ரூபாய்க்குள் முகப்பருவுக்கு மருந்து: எதை வாங்கலாம், எதை விடலாம்

தீபாவளி லீவுக்கு வந்த அக்கா மகள், என் கட்டிலில் உட்கார்ந்து தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். இரண்டு ஃபேஸ்வாஷ், ஒரு வைட்டமின் சி சீரம், ஒரு நியாசினமைடு சீரம், கரித்தூள் மாஸ்க், மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டைகள், பச்சை நிறத்தில் கற்றாழை ஜெல், டோனர் என்று ஒரு குப்பி. எல்லாவற்றுக்கும் அடியில், எழுத்து பாதி அழிந்த ஒரு சின்ன வெள்ளை ட்யூப். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"ரெண்டாயிரத்துச் சொச்சம் செலவாயிருச்சு சித்தி. பரு மட்டும் அப்படியே இருக்கு."

நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாக இருந்தது. இரண்டு கன்னத்திலும் சேர்த்து ஏழெட்டுச் சிவந்த பரு. தாடை ஓரத்தில் ஒன்று சீழ் கோத்து நின்றது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கேட்டால் அக்கா திட்டுவாள். அதற்குள் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. 19 வயதிலிருந்து 30 வரை பருவோடு குடித்தனம் நடத்தியவள், அவ்வளவுதான். அந்தப் பதினோரு வருடத்தில் சமையலறை, பியூட்டி பார்லர், மெடிக்கல், தோல் டாக்டர் என்று எல்லா வாசலும் மிதித்திருக்கிறேன். எங்கே காசு கரையும், எங்கே காசு வேலை செய்யும் என்று ஓரளவு தெரியும். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் சரிபார்த்து இங்கே எழுதுகிறேன்.

பரு எப்படி வருகிறது என்று இரண்டு வரி. மயிர்க்காலின் வாயில் செத்த தோல் சேர்ந்து அடைக்கிறது. உள்ளே சுரக்கும் எண்ணெய் வெளியே வர வழியில்லாமல் தேங்குகிறது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியா அதில் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போட, இடம் சிவந்து வீங்குகிறது. எந்தப் பொருளை எடுத்தாலும் அடைப்பு, எண்ணெய், கிருமி, வீக்கம் இந்த நாலில் எதைத் தொடுகிறது, எவ்வளவு நேரம் தொடுகிறது என்று கேட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். பிளாக்ஹெட் அழுக்கு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திறந்த அடைப்பு காற்றுப் பட்டுக் கறுத்தது அது. தேய்த்துக் கழுவினால் போகாது.

நெற்றியில் இருப்பது பருதானா?

மருந்துக்குப் போகும் முன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "தலைக்கு எண்ணெய் எப்போ வைக்கிறே?"

தினமும் ராத்திரி. பாட்டி கொடுத்தனுப்பிய காய்ச்சிய தேங்காய் எண்ணெய். காலையில் அந்த நெற்றியோடு கல்லூரி. கோயம்புத்தூரில் பரவாயில்லை, சென்னை, மதுரை வெயிலில் அந்த எண்ணெய் வியர்வையோடு சேர்ந்து புருவம் வரை இறங்கும். தலையில் பூசுவது நெற்றியில் அடைத்துக் கிளம்பும் பருவைத் தோல் டாக்டர்கள் தனி வகையாகவே சொல்வார்கள். முடி ஆரம்பிக்கும் ஓரத்தில், ஒரே அளவில், சிவக்காமல் பொடிப்பொடியாக இருந்தால் முதல் சந்தேகம் எண்ணெய் மேல்தான். வாரத்துக்கு ஒரு நாள், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, அன்றே ஷாம்பு போட்டு அலசிவிடு என்றேன். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அவள் நெற்றிக்கு இதுதான் முதல் மருந்து. பாட்டியைச் சமாதானப்படுத்தும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

இன்னொரு போலியும் உண்டு. நெற்றி, நெஞ்சு, முதுகில் ஒரே மாதிரிச் சின்னச் சின்னக் கொப்புளம், அரிப்பு, பிளாக்ஹெட் ஒன்றுகூட இல்லை என்றால் அது பூஞ்சையால் வருவதாக இருக்கலாம். மலசீசியா என்ற அந்தப் பூஞ்சை எல்லார் தோலிலும் இருப்பதுதான். வியர்வையும் புழுக்கமும் எண்ணெயும் கிடைத்தால் கொண்டாட்டம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இது குறையாது, கூடும். கீட்டோகொனசால் போன்ற பூஞ்சை மருந்துக்குத்தான் அடங்கும். மாதக்கணக்காகப் பரு மருந்து போட்டும் அசையாமல் அரித்துக்கொண்டே இருந்தால் இதை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

சமையலறை வைத்தியம்

செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் எல்லாரும் முதலில் இங்கேதான் வருவோம். பயத்தமாவு, கடலைமாவு, முல்தானி மட்டி மூன்றும் எண்ணெய்ப் பசையை எடுக்கும். கழுவிய கொஞ்ச நேரம் முகம் பளிச்சென்று இருக்கும். அடைப்பை ஒன்றும் செய்யாது. சோப்புக்குப் பதில் பயத்தமாவு என்றால் சரி, மருந்துக்குப் பதில் என்றால் இல்லை. மஞ்சள், வேப்பிலை இரண்டுக்கும் கிருமியை அடக்கும் குணம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அரைத்துப் பூசிய பத்து நிமிடத்தில் மயிர்க்காலுக்குள் எவ்வளவு போகும் என்பது வேறு விஷயம். நான் ஒரு கோடை முழுக்க வேப்பிலை அரைத்துப் பூசினேன். பரு போகவில்லை, மிக்ஸி ஜாரின் கசப்புதான் போக ஒரு வாரம் ஆனது.

எலுமிச்சை, சமையல் சோடா, பற்பசை மூன்றும் வேண்டவே வேண்டாம். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் என்ற அமில-கார அளவுகோலில் (7 நடுநிலை, கீழே போகப் போக அமிலம்) 5 வாக்கில். எலுமிச்சை 2, சோடா 8-க்கு மேல். ஒன்று பொசுக்கும், ஒன்று வறட்டும். எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் போனால் தோல் வெந்து, அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். நம் மாநிறத் தோலில் பருவைவிட அது விட்டுப்போகும் கறைதான் நீண்ட நாள் தொல்லை. கறையைச் சம்பாதிக்கும் எந்த வைத்தியமும் மலிவு இல்லை.

இயற்கைப் பொருள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒன்றே ஒன்றைக் கைகாட்டுவேன், டீ ட்ரீ ஆயில் என்ற ஆஸ்திரேலிய மர இலை எண்ணெய். 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் மெடிக்கலில் கிடைக்கும் பரு மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. கவனியுங்கள், 5 சதவீதம். கடையில் வாங்கும் சுத்த எண்ணெயை நேரடியாகத் தொட்டுப் பூசினால் தோல் புண்ணாகும். ஒழுங்கான 5 சதவீத ஜெல் தேடிப் போனால் விலை மெடிக்கல் ட்யூபைத் தொட்டுவிடும். அப்புறம் எதற்கு அது?

ஃபேஸ்வாஷும் சீரமும்

அவள் செலவழித்த இரண்டாயிரத்தில் முக்கால்வாசி இங்கேதான் போயிருந்தது. ஃபேஸ்வாஷ் முகத்தில் இருப்பது அரை நிமிடம். அதில் என்ன மருந்து கலந்திருந்தாலும் முக்கால்வாசி சாக்கடைக்குத்தான். எண்ணெய் முகத்துக்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷ் கொஞ்சம் உதவும், பிளாக்ஹெட்டைச் சற்றே தளர்த்தும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். குளியல் சோப்பு பிஎச் 9, 10 என்று இருக்கும், முகத்தை வெடவெடவென்று இழுக்கும், ஆகவே சோப்பை மட்டும் விட்டுவிட்டு நுரை குறைவான, வாசனை இல்லாத எதையாவது வைத்துக் காலை ஒன்று, ராத்திரி ஒன்று கழுவினால் போதும். அவள் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழுவிக்கொண்டிருந்தாள்.

சீரங்களில் நியாசினமைடை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 4 சதவீத நியாசினமைடு ஜெல்லை கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லோடு ஒப்பிட்ட 1995ஆம் வருட ஆய்வு ஒன்றில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தன. தோலை எரிக்காது, கறையையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அடைப்பைத் திறக்காது. ஏற்கெனவே இருக்கிறது என்றால் தீரும்வரை போடு, தீர்ந்தால் மறுபடி வாங்காதே என்றேன். வைட்டமின் சி, டோனர், கரித்தூள் மாஸ்க் எல்லாம் அலமாரி அலங்காரம். மூக்குப் பட்டை பிளாக்ஹெட்டின் தலையை மட்டும் பிடுங்கும், ஒரு மாதத்தில் திரும்ப வந்து நிற்கும்.

பார்லர் ஃபேஷியலையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆவி பிடித்து, நகத்தால் பிதுக்கி எடுப்பார்கள். சிவந்த பருவைப் பிதுக்கினால் சீழ் வெளியே வருவதைவிட உள்ளே உடைவதுதான் அதிகம். கன்னத்தில் எனக்கு இருக்கும் இரண்டு குழியும் அப்படிக் காசு கொடுத்து வாங்கியவை.

மெடிக்கலில் நாலு ட்யூப்

காசு வேலை செய்யும் இடம் இது. இவையெல்லாம் பூசிவிட்டு அப்படியே விடுகிற மருந்துகள். எட்டு மணி நேரம் தோலிலேயே இருக்கும். அரை நிமிட ஃபேஸ்வாஷோடு இதை எப்படி ஒப்பிடுவது?

முதலாவது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். வைட்டமின் ஏ குடும்பம். அடைப்பையே உருவாகவிடாமல் செய்வது இதன் வேலை. இன்று கண்ணுக்குத் தெரியும் பரு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே தோலுக்குள் அடைக்க ஆரம்பித்தது. இந்த மருந்து இன்றைய பருவை விட்டுவிட்டு அடுத்த மாதப் பருவைப் பிடிக்கிறது. அதனால்தான் பொறுமை கேட்கிறது. அமெரிக்காவில் 2016இல் இதை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. அனுமதித்தது, அந்த அளவுக்குப் பழகிய மருந்து. ட்ரெட்டினாயினும் இதே குடும்பம்தான், ஆனால் எரிச்சல் கூடுதல், வெளிச்சம் பட்டால் கெடும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அடாபலீன்தான் இதமானது.

இரண்டாவது பென்சாயில் பெராக்சைடு. கிருமியைக் கொல்லும். ஆன்டிபயாடிக் மாதிரிக் கிருமி இதற்குப் பழகிப்போவதில்லை, பத்து வருடம் போட்டாலும் அதே வேலை செய்யும். 2.5, 5, 10 சதவீதம் என்று வரும். பெரிய நம்பர் பெரிய பலன் என்று நினைத்து நான் ஒரு காலத்தில் 10 வாங்கி முகத்தைத் தோல் உரித்துக்கொண்டேன். 1986இலேயே மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிவந்த பருவைக் குறைப்பதில் 2.5-ம் 10-ம் ஒன்றுதான், எரிச்சல்தான் வித்தியாசம். ஆக 2.5 கேளுங்கள். இல்லை என்றால் 5 சதவீதத்தை வாங்கிப் பூசி ஐந்து நிமிடத்தில் கழுவிவிடலாம், அதற்கும் பலன் உண்டு. ஒரு கெட்ட குணம், துணியை வெளுக்கும். பிளீச் சிந்தின மாதிரி ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திட்டு விழும். தலையணை உறை, டவல், சுடிதார் கழுத்து எதையும் விடாது.

இதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூட்டில் இருந்தால் இந்த மருந்து சிதைந்து, புற்றுநோய் தரக்கூடிய பென்சீன் என்ற ரசாயனம் உண்டாகலாம் என்று 2024இல் அமெரிக்காவில் பெரிய பேச்சு எழுந்தது. எப்.டி.ஏ. 95 பொருட்களைச் சோதித்து, 2025 மார்ச்சில் ஒரு சிலவற்றை மட்டும் கடையிலிருந்து திரும்பப் பெறச் செய்தது. பயந்து தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர் மே மாத வெயிலில் ஸ்கூட்டி டிக்கியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். காலாவதித் தேதி தாண்டியதைப் போடாதீர்கள்.

மூன்றாவது கிளிண்டமைசின் ஜெல். "பருவுக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான். எரியாது, ஒரு வாரத்தில் சிவப்பு குறையும், ஆட்களுக்குப் பிடிக்கும். ஆனால் இது ஆன்டிபயாடிக். தனியாக மாதக்கணக்கில் போட்டால் கிருமி பழகிவிடும். அப்புறம் நமக்கும் வேலை செய்யாது, நம் முகத்தோடு முகம் வைக்கிறவர்களுக்கும் வேலை செய்யாது. பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து, சில வாரங்களுக்கு மட்டும் என்றால் சரி. மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட பரு வழிகாட்டியும் இதைத் தனியாகக் கொடுக்கவே கூடாது என்கிறது. அதே வழிகாட்டி லேசான பருவிலிருந்து கடுமையான பரு வரை எல்லாருக்கும் முதல் மருந்துகளில் ஒன்றாகச் சொல்வது அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல்லை. 12 வாரம், ராத்திரி ஒரு தடவை. இரண்டும் கலந்தே ஒரே ட்யூபில் நம் ஊரிலும் கிடைக்கிறது. தனித்தனியாக வாங்கினால் பெரும்பாலும் மலிவு, எரிந்தால் ஒன்றை நிறுத்திப் பார்க்கவும் வசதி.

நாலாவது அசெலாயிக் அமிலம், 10 அல்லது 20 சதவீதம். பருவையும் குறைக்கும், கறையையும் மங்க வைக்கும், அதனால் மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் பொருத்தமானது. பூசினதும் பத்து நிமிடம் எறும்பு ஊர்கிற மாதிரிக் குறுகுறுக்கும். இதன் பெரிய பலம் வேறு இடத்தில். கர்ப்பமாக இருப்பவர்கள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் அடாபலீன், ட்ரெட்டினாயின் பக்கமே போகக் கூடாது. அவர்களுக்கு டாக்டர்கள் முதலில் யோசிப்பது இதைத்தான். 20 வயதுப் பெண்ணுக்கு இதை இரண்டாவது வரிசையில் வைத்தேன். கல்யாணமாகிக் குழந்தைக்கு முயலும் என் தோழிக்கு இதுதான் முதல் வரிசை.

இந்த ட்யூப்களில் பலவற்றில் ஆர்எக்ஸ் குறி, அதாவது டாக்டர் சீட்டு வேண்டும் என்ற குறி, இருக்கும். ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டால் அடுத்த ஆறு மாதம் நிம்மதி. சீட்டில் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகம், தமிழக அரசு 2025 பிப்ரவரியில் 1,000 இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகம் போன்றவற்றில் ஜெனரிக், அதாவது மருந்தின் பெயரிலேயே மலிவாக விற்பது, இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் மற்ற கடைக்குப் போகலாம். அதே 0.1 சதவீத அடாபலீனுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை நன்றாகவே மாறும்.

அந்த வெள்ளை ட்யூப்

ஹாஸ்டல் தோழி கொடுத்ததாம். "நாலே நாள்ல முகம் பளிங்கு மாதிரி ஆயிரும்" என்று சொன்னாளாம். போன் டார்ச்சை அடித்து, ட்யூபின் மடிப்பில் பொடி எழுத்தைப் படித்தோம். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்.

அந்த மூன்றாவது பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. 23 வயதில் இதே சேர்க்கையை ஒரு மெடிக்கலில் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். நூறு ரூபாய்கூட இல்லை. உண்மையிலேயே நாலு நாளில் பரு அமுங்கியது, நிறமும் வெளுத்தது. அலுவலகத்தில் எல்லாரும் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். எட்டு மாதம் போட்டேன். ஒரு நாள் தீர்ந்துபோய் வாங்க மறந்தேன். மூன்றாம் நாள் முகம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. பரு இல்லாத இடமெல்லாம் பரு, கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, மேலுதட்டில் முடி. சரியாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நூறு ரூபாய் ட்யூப் இழுத்துவிட்ட செலவை இப்போது கணக்குப் போடக்கூட மனம் வரவில்லை.

மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளுவோசினோலோன் எல்லாம் அதே ஜாதி. வீக்கத்தை அமுக்கும், அதனால் ஆரம்பத்தில் மாயம் மாதிரி இருக்கும். நாள்பட்டால் தோலை மெலிய வைத்து, ஸ்டீராய்டாலேயே வரும் பருவை உண்டாக்கும். இந்தியாவில் இது எவ்வளவு பரவலென்றால், இந்தியத் தோல் டாக்டர்கள் 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று இதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. அப்படியும் ஹாஸ்டல் அறைகளில் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. மங்கு மாதிரிப் பிரச்சினைக்கு டாக்டர் சில வாரம் எழுதிக் கொடுப்பது வேறு கதை. பருவுக்கு இது கிடையாது.

அவள் பத்து நாள்தான் போட்டிருந்தாள். குப்பைக்குப் போனது. மாதக்கணக்கில் போட்டு வருகிறவர்கள் சட்டென நிறுத்தினால் என் கதை ஆகும். டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள்.

எப்போது டாக்டர்?

தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டி, பரு போன இடத்தில் குழி, நெஞ்சு முதுகெல்லாம் பரவுவது, 12 வாரம் ஒழுங்காகப் போட்டும் அசையாதது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ட்யூபோடு மல்லுக்கட்ட வேண்டாம். தழும்புக் குழி விழுந்தபின் அதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஆயிரங்களில். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, தாடையிலும் கழுத்திலும் பரு, முகத்தில் முடி என்றிருந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கலாம். அதற்கு மகப்பேறு டாக்டரையும் பார்க்க வேண்டும்.

காசில்லை என்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவை மறந்துவிடுகிறார்கள். காலையில் ஓ.பி. சீட்டு போட்டு, வரிசையில் நிற்க வேண்டும், ஒரு அரை நாள் போகும். பார்ப்பது தோல் சிறப்பு மருத்துவர்தான், மருந்தும் இருப்பதைக் கொடுப்பார்கள். தனியார் கிளினிக்கில் கூட்டம் குறைவு. ஆனால் சில இடங்களில் அமிலம் பூசித் தோல் உரிக்கும் பீல், லேசர், அவர்கள் கடை ஃபேஸ்வாஷ் என்று சீட்டு நீளும். "இதில் எது இல்லாவிட்டால் பரு குறையாது?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் சிரித்துக்கொண்டே பாதியை அடித்துவிடுவார்.

மாத்திரைகளில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை மூன்று மாதம் வாக்கில் கொடுப்பார்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது, வெயில் சுருக்கென்று ஏறும். ஐசோட்ரெட்டினாயின் பெரிய ஆயுதம். கட்டிப் பருவுக்கு அதைப்போல ஒன்று இல்லை. உதடு வெடிக்கும், ரத்தத்தில் கொழுப்பும் கல்லீரலும் பார்க்க வேண்டும். சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரும். ரத்த தானமும் அந்தக் காலத்தில் கூடாது. நண்பர் மிச்சம் வைத்ததை வாங்கிச் சாப்பிடுகிற மருந்து இல்லை இது.

சாப்பாட்டைப் பற்றி அக்கா கேட்டாள். சூடு, எண்ணெய்ப் பலகாரம் என்று நாம் சொல்வதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. சர்க்கரையை வேகமாக ஏற்றும் சாப்பாடு, பால், அப்புறம் ஜிம் போகிற பையன்கள் குடிக்கும் வே புரோட்டீன், இவற்றுக்குத்தான் பருவோடு தொடர்பு தெரிகிறது. முறுக்கை விட்டுவிட்டு ஸ்வீட்டைத் தின்றுகொண்டிருந்தால் லாபமில்லை.

கடைசியில் வாங்கியது

தெரிந்த தோல் டாக்டர் ஒருவரிடம் காட்டிச் சீட்டு வாங்கினோம். அடாபலீன் 0.1 சதவீதம் 15 கிராம், பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் 30 கிராம். ஜெனரிக் கேட்டு வாங்கியதில் இரண்டும் சேர்த்து 400 ரூபாயைத் தாண்டவில்லை. மிச்சத்தில் கிளிசரின் கலந்த, வாசனை இல்லாத ஒரு லோஷன். சன்ஸ்கிரீனுக்குக் காசு போதவில்லை. அடாபலீன் போடுகிறவர்களுக்கு அது வேண்டும், கறை மங்கவும் அதுதான் உதவும். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தடவைக்கு அரை கிராம் என்றால் பென்சாயில் ட்யூப் இரண்டு மாதம் வரும். அடாபலீன் ஒரு மாதம். இரண்டாம் மாதம் பென்சாயில் வாங்கும் காசு மிஞ்சும், அது சன்ஸ்கிரீனுக்கு. அதுவரை குடை.

எப்படிப் போடுவது என்று விரல் நுனியில் காட்டினேன். பச்சைப் பட்டாணி அளவு. நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து புள்ளி வைத்து, அதிலிருந்து மெல்லப் பரப்ப வேண்டும். பருவின் தலையில் மட்டும் வைத்தால் பிரயோஜனமில்லை, பரு வரப்போகிற இடத்துக்கும் சேர்த்துத்தான் மருந்து. கண், மூக்கு ஓரம், உதட்டு ஓரம் தொடக் கூடாது. முகம் கழுவி ஈரம் காய்ந்தபின் அடாபலீன், மேலே லோஷன். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலையில் பென்சாயில், அதுவும் ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிட வேண்டும். "மூணாவது வாரம் தோல் உரியும், பரு கூடுன மாதிரி இருக்கும், அப்போ எனக்கு போன் பண்ணு, தூக்கிப் போடாதே" என்றேன்.

சரியாகப் பதினெட்டாம் நாள் போன் வந்தது. அழுகை. இன்னும் இரண்டு வாரம் என்று சமாளித்தேன்.

பொங்கலுக்கு வந்தபோது 12 வாரம் ஆகியிருந்தது. நெற்றி வழவழவென்று இருந்தது, அதில் பாதிப் புண்ணியம் எண்ணெயை விட்டதற்கு. கன்னத்தில் புதுப் பரு ஒன்றிரண்டுதான், பழைய கறை பழுப்பாக இன்னும் இருந்தது. அது மங்க இன்னும் நாலைந்து மாதம் ஆகும். தாடை ஓரத்தில் மட்டும் மாதவிலக்குக்கு முந்தின வாரம் ஒன்று கிளம்புகிறதாம். அது அடங்காவிட்டால் அடுத்த தடவை அசெலாயிக் அமிலம் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அக்கா மொட்டை மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்தாள். தீபாவளிக்கு வாங்கின நீல டவலை விரித்துப் பிடித்தாள். நடுவில் ஒரு முகத்தின் அளவுக்கு ஆரஞ்சுத் திட்டு.

"இதுக்கு என்னடி ஆச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். வெள்ளை டவல் வாங்கிக்கோ என்று சொல்ல மறந்திருந்தேன்.